முசுறு: நிறத்தை நம்பாமல் அடையாளம் காண்பது

ஆசியாவில் மனிதர்கள் உணவாகக் கொள்ளும் எறும்புகளுள் மிகப் பரவலாக உண்ணப்படுவது முசுறு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இதைக் ‘காய்’ என்று அழைக்கிறார்கள். உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகாய் சேர்த்து அம்மியில் அரைத்து அவர்கள் செய்யும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் ஏறத்தாழ இதே துவையல் ‘சாப்ரா’ என்ற பெயரில் வாரச்சந்தைகளில் இலைப்பொட்டலமாக விற்கப்படுகிறது. அசாமில் சித்திரைப் பிகுவின்போது கூட்டுக்குள்ளிருந்து எடுத்த வெண்ணிற இளம்பருவங்களைச் சமைத்து உண்ணும் வழக்கம் உண்டு. தாய்லாந்தின் வடகிழக்கு மாநிலங்களிலும் லாவோசிலும் அவை கோடைகாலத்தின் விலையுயர்ந்த பண்டம். ஜாவாவிலோ அவற்றைப் பாடும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் இரையாக வாங்குகிறார்கள்.

இந்த உணவைப் பற்றிய ஆர்வம் அண்மை ஆண்டுகளில் பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதனுடன் சேர்ந்து, ‘சிவப்பு எறும்பு உண்ணத்தக்கது’ என்ற அரைகுறைச் செய்தியும் பரவுவது கவலை தருகிறது. சிவந்த எறும்புகள் எத்தனையோ உண்டு. அவற்றுள் சில கொடுக்கால் குத்திக் கடும் வலியை உண்டாக்குபவை, சில மனிதர் குடியிருப்பின் கழிவுகளில் மேய்பவை, சில எறும்புகளே அல்ல. காட்டோரங்களில் தலைமுறை தலைமுறையாக முசுறு எடுப்பவர்கள் இந்தக் குழப்பத்தில் விழுவதில்லை, ஏனெனில் அவர்கள் எறும்பின் நிறத்தைப் பார்ப்பதற்கு வெகு முன்பே மரத்தையும் கூட்டையும் பார்த்துவிடுகிறார்கள். புதிதாக இதில் ஆர்வம் கொள்பவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வழியில், ஒரு தனி எறும்பின் நிழற்படத்திலிருந்து தொடங்குகிறார்கள். நெடுங்காலமாக எறும்புகளைக் கவனித்துவரும் ஒருவன் என்ற முறையில், முசுறை எந்தெந்த அடையாளங்களைக் கொண்டு உறுதி செய்யலாம் என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

அறிவியலில் இதன் பெயர் ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. 1775இல் ஃபேப்ரீசியஸ் இதை முதலில் விவரித்தார்; இப்போதுள்ள பேரினப் பெயரை 1860இல் ஃபிரெடெரிக் ஸ்மித் ஏற்படுத்தினார். இப்பேரினத்தில் இன்று உயிர்வாழ்வனவாகப் பரவலாக அறியப்பட்டவை இரண்டே இனங்கள். ஒன்று ஆப்பிரிக்காவில் வாழும் ஈகோஃபில்லா லாங்கிநோடா. மற்றொன்று இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, தென் சீனம் வழியாக வட ஆஸ்திரேலியா வரையும் மேற்குப் பசிபிக் தீவுகள் சில வரையும் பரவியிருக்கும் நம் முசுறு. இரண்டும் வாழும் கண்டங்கள் வேறு என்பதால், ஆசியாவில் நிற்கும் ஒருவர் பேரினத்தை உறுதி செய்துவிட்டாலே இனத்தையும் உறுதி செய்தவராகிறார். எறும்புகளை அடையாளம் காண முயலும் எவருக்கும் இது அரிதாகக் கிடைக்கும் வசதி. பெரும்பாலான பேரினங்களில் இனத்தைப் பிரித்தறிய நுண்ணோக்கியும் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும்.

நிறத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஒரே இனம் போதுமான சான்று. ஆசிய நிலப்பரப்பில் வேலைக்கார முசுறுகள் செம்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான நிறத்தில் இருக்கின்றன. அதே இனம் ஆஸ்திரேலியாவில் பச்சை வயிற்றுடன் காணப்படுகிறது; 1770இல் குக்கின் கப்பலில் அங்கே சென்ற ஜோசப் பேங்க்ஸ், இலைகளை வளைத்துக் கூடு கட்டும் பச்சை எறும்புகளைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆசியாவிலும் இராணி முசுறு பச்சை கலந்த பழுப்பு நிறம் கொண்டது, ஆண் முசுறு கருமையானது. அண்மையில் முதிர்ச்சியடைந்த வேலைக்கார எறும்பு வெளிறித் தெரியும். சாராயத்தில் போட்டு வைத்த எறும்பு நாளடைவில் நிறம் மங்கும். ஆக, ஒரே கூட்டுக்குள் வெளிர்மஞ்சள், செம்பழுப்பு, பச்சை, கருமை என்ற நான்கு நிறங்களையும் காண முடிகிற ஓர் உயிரியைச் ‘சிவப்பு எறும்பு’ என்று சொல்லி முடித்துவிட இயலாது.

முதற்சான்று கூடுதான். முசுறு மண்ணில் வளை தோண்டுவதில்லை, பட்டைக்கடியில் பொந்து குடைவதில்லை. உயிருள்ள பச்சை இலைகளை ஒன்றோடொன்று இழுத்து, பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டுகிறது. மா, பலா, முந்திரி, கொய்யா, எலுமிச்சை வகைகள், காடுகளில் சால் மரம் எனப் பல மரங்களின் வெளிக்கிளைகளில் இக்கூடுகள் உருண்டையாகத் தொங்கும். வேலைக்கார எறும்புகள் இலையின் விளிம்பில் வரிசையாக நின்று, எட்டாத இடைவெளியில் ஒன்றன் இடுப்பை மற்றொன்று பற்றிச் சங்கிலி கோத்து, இரண்டு இலைகளை நெருங்க இழுத்துப் பிடிக்கின்றன. பிறகு வேறு சில எறும்புகள் முதிர்ந்த புழுக்களைத் தாடையில் ஏந்தி வந்து, ஓர் இலையின் விளிம்பையும் மறு இலையின் விளிம்பையும் மாறி மாறித் தொட வைக்க, புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு இழை இரண்டையும் தைக்கிறது. இயங்கும் தறியின் நாடாவைப் போல அந்தப் புழு இங்குமங்கும் போய்வருவதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், அதற்குமேல் வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை.

முடிந்த கூட்டில், இலைகளின் இடைவெளிகளை அடைத்து நிற்கும் வெண்மையான, மெல்லிய தாள் போன்ற பட்டுத்திரையைக் கவனிக்க வேண்டும். இலையைச் சுருட்டும் புழுக்களும் சிலந்திகளும் கூடப் பட்டால் இலைகளை ஒட்டுகின்றன என்றாலும், அவற்றின் வேலை பெரும்பாலும் ஓரிரு இலைகளோடு நிற்கும். முசுறின் கூடு பல இலைகள் சேர்ந்த அறை, அதன்மேல் காவல் எறும்புகள் நடமாடும். கூட்டின்மீது விரலால் மெல்லத் தட்டினால் உள்ளிருந்து எறும்புகள் திரண்டு வெளியே வந்து, முன்னுடலை உயர்த்தித் தாடைகளை விரித்து நிற்கும். ஒரு குடும்பம் ஒரே கூட்டில் அடங்குவதும் இல்லை. முழு வளர்ச்சியடைந்த குடும்பத்துக்கு ஒரே இராணியும், அடுத்தடுத்த பல மரங்களில் பரவிய நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளும், இலட்சக்கணக்கான வேலைக்கார எறும்புகளும் இருக்கக் கூடும். ஆகவே ஒரு கூட்டைக் கண்டவர் அண்ணாந்து பார்த்தால், பக்கத்துக் கிளைகளில் வேறு கூடுகளையும், காய்ந்து பழுத்த இலைகளோடு கைவிடப்பட்ட பழைய கூடுகளையும் பெரும்பாலும் காண்பார்.

உடலமைப்புக்கு வருவோம். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் போதும். வேலைக்கார எறும்புகள் இரண்டு அளவில் இருக்கும். இரை தேடவும் காவல் காக்கவும் வெளியே வருபவை பெரியவை, 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீளமுள்ளவை. அவற்றில் ஏறத்தாழப் பாதி அளவே உள்ள சிறியவை பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே தங்கி இளம்பருவங்களைப் பேணும். இந்த இரட்டை அளவு மிகப் பழமையானது. கென்யாவில் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலப் படிவுகளில் கிடைத்த இப்பேரினத்தின் புதைபடிவக் குடும்பம் ஒன்றிலும் அது தெளிவாகத் தெரிகிறது என்பதை எறும்பியலாளர்களான வில்சனும் டெய்லரும் 1964இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் செய்தியை முதலில் அறிந்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

அடையாளத்துக்கு மிகவும் பயன்படும் உறுப்பு இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் முசுறுக்கு ஒரே ஒரு கணுதான் உண்டு. அது நீண்டு, தாழ்ந்து, குழல் போலக் கிடக்கும். அதன்மேல் நிமிர்ந்த செதிலோ திமிலோ இராது. இந்த அமைப்பின் காரணமாகவே முசுறு சினம் கொள்ளும்போது தன் வயிற்றை முதுகின்மேல் முன்னோக்கி வளைத்து உயர்த்த முடிகிறது. வயிற்றின் நுனியில் கொடுக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும் சிறு துளை இருக்கிறது. தாடையால் தோலைக் கவ்விப் பிடித்து, அந்தக் காயத்தின்மேல் அமிலத்தைப் பீச்சுவதால்தான் முசுறுக் கடி அத்தனை எரிகிறது. சட்னியின் புளிப்பும் இதே அமிலத்திலிருந்து வருகிறது. உணர்கொம்பில் 12 கணுக்கள் இருக்கும். தாடை நீண்ட முக்கோண வடிவினது, அதன் உள்விளிம்பில் பத்துக்கும் குறையாத பற்கள் நெருங்கி நிற்கும். மார்பின் பின்பகுதியில் முட்கள் கிடையா. கால்கள் மெலிந்து நீண்டவை.

இனி, முசுறு என்று தவறாகக் கருதப்படுபவற்றைப் பார்க்கலாம். மிக அதிகமான குழப்பத்தை உண்டாக்குவது அனோப்ளோலெபிஸ் கிராசிலிபெஸ் என்னும் மஞ்சள் எறும்பு. உலகின் பல தீவுகளில் நண்டுகளையும் பறவைக் குஞ்சுகளையும் பாடாய்ப் படுத்தும் ஆக்கிரமிப்பு இனம் இது. நீண்ட கால்கள், மெலிந்த உடல், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் எல்லாம் முசுறை நினைவூட்டும். இதற்கும் கொடுக்கு இல்லை, இதுவும் அமிலம் பீச்சும். ஆனால் இது 4 அல்லது 5 மில்லிமீட்டர் அளவே உள்ளது, எல்லா வேலைக்கார எறும்புகளும் ஒரே அளவு, உணர்கொம்பில் 11 கணுக்கள், இடுப்புக்கணு நிமிர்ந்து நிற்கும். மண்ணிலும் சருகுக்கடியிலும் குடியிருக்கும் இந்த எறும்பு, திசை தெரியாததுபோல் கிறுகிறுவென்று ஓடும். முசுறின் நடையில் அந்தப் பதற்றம் இல்லை.

நெருப்பெறும்பான சொலெனாப்சிஸ் ஜெமினாட்டாவுக்கும் முசுறுக்கும் நிறத்தைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை. இடுப்பில் இரண்டு கணுக்கள், உணர்கொம்பில் 10 கணுக்கள், நுனியில் இரண்டு கணுக்கள் தடித்த குண்டாந்தடி அமைப்பு, மண்ணில் கூடு, வயிற்று நுனியில் நஞ்சுள்ள கொடுக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். மரங்களில் திரியும் டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா இதைவிடக் கவனிக்கத்தக்கது. தலையும் வயிறும் கருமையாகவும் மார்பு மட்டும் செம்மஞ்சளாகவும் இருக்கும் இது, 10 மில்லிமீட்டருக்கு மேல் வளரும், பட்டுப்போன மரக்கிளைகளின் பொந்துகளில் வாழும், இடுப்பில் இரண்டு கணுக்கள் கொண்டது; இதன் கொட்டு மிகக் கடுமையானது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மாமரத்தில் இருப்பதாலேயே ஓர் எறும்பு முசுறாகிவிடாது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

வயிற்றை உயர்த்துவதையும் தனிச்சான்றாகக் கொள்ள முடியாது, ஏனென்றால் கிரெமட்டோகாஸ்டர் பேரினத்து எறும்புகளும் அவ்வாறே செய்கின்றன. அவற்றின் வயிறு மேலிருந்து பார்க்க இதய வடிவில் இருக்கும். இடுப்பின் இரண்டு கணுக்களும் வயிற்றின் மேற்புறத்தில் போய்ச் சேரும். மரத்தில் அவை கட்டும் கூடு பச்சை இலையால் ஆனதன்று, மென்று கூழாக்கிய தாவரப் பொருளால் ஆன கரும்பழுப்புப் பொதி.

இரண்டு சிலந்திகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவற்றை ஒருமுறையேனும் நேரில் பார்த்தவர்கள் எறும்புக் கூட்டத்தை அதன்பின் எளிதில் கடந்து போக மாட்டார்கள். மிர்மரக்னே என்னும் பேரினத்தில் வைத்து நெடுங்காலம் அறியப்பட்டதும் இப்போது மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டெஸ் என்று அழைக்கப்படுவதுமான தாவும் சிலந்தி, முசுறின் நிறம், மெலிந்த இடுப்பு, நடை ஆகிய மூன்றையும் பெற்றிருக்கிறது. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல் அசைப்பதால், எட்டுக் காலுள்ள உயிரி ஆறு காலுள்ளதாகத் தோன்றும். ஆண் சிலந்தியின் தாடைகள் முன்னோக்கி நீண்டு, மற்றோர் எறும்பைச் சுமந்து செல்லும் எறும்பின் தோற்றத்தைத் தருகின்றன. இது முசுறுகளைத் தின்பதில்லை. அவற்றை விட்டு விலகியே நடக்கிறது, தொட்டால் ஓர் இழையில் தொங்கி இறங்கிவிடுகிறது. அமிசியேயா என்னும் நண்டுச் சிலந்தியோ முசுறையே இரையாகக் கொள்வது. அதன் வயிற்றின் பின்முனையில் உள்ள இரண்டு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களைப் போலவே இருப்பதால், பின்புறமே தலை என்று எண்ணத் தோன்றும். ஆகவே எறும்பின் படம் என்று காட்டப்படும் ஒன்றைப் பார்க்கும்போது முதலில் கால்களை எண்ணுவதும், முழங்கை போல மடிந்த உண்மையான உணர்கொம்பு உண்டா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம்.

உணவு என்ற நோக்கில் பார்த்தால், வளர்ந்த எறும்பைவிட இளம்பருவங்களின் அடையாளமே முதன்மையானது, ஏனெனில் தாய்லாந்திலும் லாவோசிலும் அதிக விலைக்குப் போவது அவைதாம். ‘எறும்பு முட்டை’ என்று விற்கப்படுவதில் முட்டை மிகச் சிறு பங்கே. ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத உண்மையான முட்டைகளைத் தனியே பொறுக்கி எடுப்பதே கடினம். கூடையில் இருப்பவை பெரும்பாலும் அடுத்த தலைமுறை இராணிகளாக வேண்டிய புழுக்களும் கூட்டுப்புழுக்களும். வேலைக்கார இளம்பருவங்களைவிட அவை பல மடங்கு பெரியவை, கொழுத்தவை. மழை தொடங்கும் முன், ஏறத்தாழப் பிப்ரவரி முதல் மே வரை, இந்த இராணிப் பருவங்கள் கூடுகளில் நிறைந்திருக்கும். மழை வந்ததும் சிறகு முளைத்த இராணிகள் இணைதேடிப் பறந்துவிடுகின்றன. நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் கட்டிய கூடையால் கூட்டைக் குத்தி உலுக்கி, விழுபவற்றின்மேல் மாவைத் தூவி, வளர்ந்த எறும்புகளின் பிடி வழுக்கி அவை விலகிய பின் வெண்ணிறப் பருவங்களை மட்டும் பிரித்தெடுப்பது அங்குள்ளோர் முறை. வேலைக்கார எறும்புகளின் பெரும்பகுதி மரத்துக்கே திரும்பிவிடுவதால், அளவோடு எடுக்கும் இம்முறையில் குடும்பம் அழிவதில்லை. வளர்ந்த எறும்புகளையும் சேர்த்தே அரைக்கும் பகுதிகளில் எத்தனை கூடுகளை விட்டுவைக்கிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இளம்பருவங்களில் முசுறுக்கு ஒரு தனி முத்திரை இருக்கிறது. இவற்றின் கூட்டுப்புழுவைச் சுற்றி உறை இராது. காம்பொனோட்டஸ் என்னும் கட்டெறும்பு வகைகள் பலவற்றிலும், பாலிராக்கிஸ் என்னும் முள்ளெறும்புகளிலும், புழு தன்னைச் சுற்றிப் பட்டு உறை நெய்துகொண்டு அதனுள் கூட்டுப்புழுவாகிறது. அந்த உறை பழுப்பு அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு தானியம்போல் காணப்படும். முசுறுப் புழுவோ தன் பட்டு முழுவதையும் கூட்டுக்கே கொடுத்துவிடுவதால், தனக்கென்று உறை நெய்வதில்லை. ஆகவே முசுறின் கூட்டுப்புழு வெண்மையாக, மடிந்த கால்களும் உணர்கொம்பும் கண்ணும் வெளித்தெரிய, வெற்றுடலாகக் கிடக்கும். வளர்ந்த எறும்பு ஒன்றுகூட இல்லாமல் வெண்ணிறப் பருவங்கள் மட்டும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும் இடத்திலும், உறையுள்ளவை கலந்திருக்கின்றனவா என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பொறுக்கும்போது சில கூடுகளில் தட்டையான, முட்டை வடிவிலான, தோல்போல் தடித்த ஒரு கம்பளிப்புழு கிடைக்கலாம். அது லிஃபைரா பிராசோலிஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. முசுறுக் கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து, முசுறின் இளம்பருவங்களைத் தின்று வளரும் இதன் மேல்தோலை எறும்புகளின் தாடையால் துளைக்க முடிவதில்லை. உறைவிட்டு வெளியேறும் வண்ணத்துப்பூச்சியின் உடலை உதிரும் செதில்கள் போர்த்தியிருக்கும். தாக்க வரும் எறும்புகளின் வாயிலும் காலிலும் அவை ஒட்டிக்கொள்ள, அது தப்பிச் செல்கிறது. இதைக் கண்டால் உணவோடு சேர்க்காமல் மரத்திலேயே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முசுறை விட்டால் இதற்கு வேறு வாழ்விடம் கிடையாது.

இனம் சரியாகவே அடையாளம் காணப்பட்டாலும் உண்பதற்கு அது மட்டும் போதாது. முசுறு பழத்தோட்டங்களை விரும்பும் எறும்பு; சீனத்தில் கி.பி. 304இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் தாவர நூல் ஒன்றிலேயே, எலுமிச்சை வகை மரங்களைப் பூச்சிகளிடமிருந்து காக்க இவ்வெறும்புக் கூடுகளைப் பைகளில் கட்டிச் சந்தையில் விற்ற செய்தி வருகிறது. இன்றைய தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி, இரையின் வழியாகவும் நஞ்சு எறும்புக்குள் சேரும். ஆகவே தெளிப்பு நடந்த தோட்டத்துக் கூடுகளைத் தொடாமல் இருப்பதே நல்லது. இறால், நண்டு ஆகியவற்றால் ஒவ்வாமை ஏற்படுபவர்களுக்குப் பூச்சி உணவும் அதே விளைவைத் தரலாம் என்பதால் அவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

சீனத்தில் மருந்தாகவும் உணவாகவும் விற்கப்படும் கருநிற எறும்பை முசுறோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. அது பாலிராக்கிஸ் பேரினத்தைச் சேர்ந்தது; பாலிராக்கிஸ் டைவ்ஸ், பாலிராக்கிஸ் விசினா என்ற இரு பெயர்களில் அது வணிகத்தில் வழங்கப்படுகிறது. இப்பேரினத்துச் சில இனங்களும் புழுவின் பட்டைக் கொண்டு கூடு கட்டுகின்றன என்பதால் கூட்டை மட்டும் பார்த்தால் ஐயம் எழலாம், ஆனால் எறும்பைப் பார்த்ததும் அது தீர்ந்துவிடும்: பாலிராக்கிஸ் டைவ்ஸின் மார்பின் முன்னும் பின்னும் முட்கள் உண்டு, இடுப்புக்கணுவிலிருந்து வயிற்றைத் தழுவியபடி வளைந்த இரண்டு நீண்ட முட்கள் உண்டு, கரிய உடலில் மெல்லிய பளபளப்பான மயிர்ப்படலம் உண்டு. உலர்த்தி முழுதாக விற்கப்படும் எறும்பில் இவற்றைக் கைவில்லையால் காண முடியும். பொடியாகவோ மாத்திரையாகவோ விற்கப்படுவதில் இடுப்பும் முள்ளும் உணர்கொம்பும் எல்லாம் அரைபட்டுப் போய்விடுவதால், அதில் எந்த எறும்பு இருக்கிறது என்பதைக் கண்ணாலும் வில்லையாலும் சொல்ல எவராலும் இயலாது. அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. எனவே என்னிடம் கேட்பவர்களுக்கு, எந்த எறும்பாயினும் உறுப்புகள் சிதையாத நிலையில் வாங்குங்கள், கூட்டிலிருந்து எடுப்பதானால் பக்கவாட்டுத் தோற்றம், தலையின் முன்தோற்றம், கூடு, கூட்டுப்புழு ஆகிய நான்கையும் படமெடுத்துவிட்டுப் பிறகு அரையுங்கள் என்றே சொல்லி வருகிறேன்.